நல்லகரி

வெள்ளைக்காரக் கப்பல்காரர்களின் வாயில் எங்கள் க்ரூ இனத்துப் பெயர்கள் நுழையாது. வேலைக்கு ஏறுகிற ஒவ்வொருவனுக்கும் அவர்களே ஒரு பெயரைச் சூட்டிவிடுவார்கள். எங்கள் குப்பத்தில் 'அரைக்காசு' இருந்தான், 'நாளைக்குவா' இருந்தான். என் பக்கத்து வீட்டு ஜுவாவின் புருஷன் துக்பே கப்பல் உலைக்குக் கரி தள்ளுவதில் கெட்டிக்காரன், அதனால் 'நல்லகரி' ஆனான். கடைசியில் ஜுவாவே அவனை அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. பெற்றவள் வைத்த பெயர் அழுகியா போயிற்று?

ஜெர்மன்காரனோடு சண்டை முற்றியதும் எங்கள் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் கரிக்குப் பஞ்சம் வந்தது. சீமையிலிருந்து அதைக் கொண்டுவரும் கப்பல் கூலி கரியின் விலையையே தூக்கிச் சாப்பிட்டது. ரயில் விறகில் ஓடியது. கரி தள்ளுகிறவனின் சம்பளம் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அப்போதுதான் நல்லகரி போன கப்பலை, கரி ஏற்றி வரும் வழியில், ஜெர்மன்காரன் மூழ்கடித்துவிட்டான் என்று துறைமுகத்தில் பேச்சு எழுந்தது. ஜுவா என்னையும் இழுத்துக்கொண்டு கப்பல் ஆபீஸ் குமாஸ்தா கோக்கரிடம் ஓடினாள்.

"ஐயா, அந்தக் கப்பல்ல இருந்த நல்லகரி என்னாச்சுங்க?"

"நல்ல கரியா?" அவர் தலையே நிமிரவில்லை. "அடுத்த கப்பல்ல வருது, போ."

"நெசமாவா ஐயா?"

"கூலி மொத்தமும் கட்டியாச்சு. வராம எங்க போகும்?"

'போகும்' என்றாரே என்று எனக்கு உறைக்கவில்லை. அந்த ஆபீசில் எங்களை மாடு கன்றைப் போலத்தான் பேசுவார்கள்.

துக்கம் கேட்க வந்த பெண்களை ஜுவா வாசலிலேயே மடக்கினாள். "வாயக் கழுவுங்கடி! கூலி கட்டி வரவழைக்கிறாங்க என் புருஷன. உங்க புருஷனுக்கு எவனாவது கட்டுவானா?"

கப்பல் வந்த அன்று மரவள்ளிக்கீரையும் கருவாடும் செம்பனை எண்ணெயில் சமைத்து, சோற்றுப் பானையோடு துறைமுகத்தில் போய் நின்றாள். கூடை கூடையாகக் கரி இறங்கியது. ஆட்களும் இறங்கினார்கள். பொழுது சாயும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"ஐயா, நல்லகரி எங்கங்க?"

கோக்கர் கரிமேட்டைக் காட்டினார். "கண்ணு தெரியலையா? இதோ குவிஞ்சு கெடக்கே."

"அவரு என் புருஷன் ஐயா." அவள் குரல் இறங்கிவிட்டது. "துக்பே."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தக் கப்பல்ல யாரும் பிழைக்கலம்மா," என்றார். "கரிக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சு. அதான் வேற கரி வந்துச்சு."

அவர் முகத்தில் காறித் துப்பியிருப்பேன். ஆனால் அவரும் அழுதுகொண்டிருந்தார்.

புதைக்க உடல் இல்லை. ஜுவா மேட்டிலிருந்து ஒரு கரிக்கட்டியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். துறைமுக வாசலில் காவல்காரன் மறித்தான்.

"உள்ள போடு அத. ஒரு கட்டிகூட வெளிய போகக் கூடாது. கப்பல் கூலி என்ன ஏறியிருக்கு தெரியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முடிச்சை அவிழ்த்துக் கட்டியைத் திரும்ப வைத்துவிட்டாள். முந்தானையில் கரி படிந்திருந்தது. வீட்டுக்கு வந்து அந்த இடத்தை மட்டும் கிழித்தாள்.

அந்தத் துணியைத்தான் புதைத்தோம். துக்பே என்று பெயர் சொல்லிப் புதைத்தோம்.