கிழக்குக் கரையில் ஏழு நகரங்கள்

மார்ச் 11, செவ்வாய். நேற்று எழுதிய பக்கத்தில் ஒரு தவறு. என் அண்ணன் டெரிக் விளையாட்டில் கட்டிய நகரங்கள் ஆறு என்று எழுதியிருந்தேன். ஏழு. வரைபடத்தை மறுபடி திறந்து பார்த்தேன். வளைகுடாவுக்குள் ஒளிந்திருந்த ஒன்றை விட்டிருக்கிறேன். திருத்திவிட்டேன். இந்தக் கதையில் விவரங்கள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் நான் கோபமாக இருக்கிறேன். கோபத்தில் எழுதுகிறவள் ஒரு நகரத்தை விட்டுவிட்டால், அப்புறம் அவள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள்.

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து வந்தது. "வாழ்த்துகள்." என் பள்ளித் தோழி ஜோலீன் எனக்கு அனுப்பியது. அதற்கு முன்னும் பின்னும் ஒன்றுமில்லை. பத்து வருடமாக என்னை "அடி தடிச்சி" என்று மட்டுமே கூப்பிட்டவள்.

மாலை எழுத்து வகுப்பில் ஆசிரியை ஷெரில், இந்த மாதம் உங்களைக் கோபப்படுத்திய ஒன்றை எழுதுங்கள் என்றார். எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. தொடங்கத்தான் தெரியவில்லை.

முதல் தொடக்கம்: என் நாடு விண்கலம் ஏவிய மாலையில் நான் ஆஸ்பத்திரியில் பச்சை ஜெல்லி தின்றுகொண்டிருந்தேன்.

(கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: மனித குலம் தோன்றிய நாளிலிருந்து காலி நிலம் என்பது

(இல்லை. எனக்கு மனித குலத்தின் மேல் கோபமில்லை.)

மூன்றாவது: என் அண்ணன் டெரிக் ஒரு

(அடுத்து வந்த சொல்லை வகுப்பில் உரக்கப் படிக்க முடியாது.)

2

விளையாட்டு தெரியாதவர்களுக்காக. ஐந்து பேர், ஆளுக்கொரு நாடு, அவரவர் வீட்டுக் கணினியில். கல் கோடரியோடு தொடங்குவோம். உன் முறை வரும்போது ஊர் அமைக்கலாம், வயல் போடலாம், எழுத்தைக் கண்டுபிடிக்கலாம். பிறகு "முறை முடிந்தது" என்ற பொத்தானை அழுத்திவிட்டு மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமை மாலைகளில் கூடுவோம். ஓர் ஆட்டம் முடிய ஒரு குளிர்காலம் ஆகும்.

ஜெயிக்கப் பல வழிகள் உண்டு என்று சொல்வார்கள். உண்மையில் விளையாடத் தெரிந்தவர்கள் ஒரே வழியைத்தான் பிடிக்கிறார்கள். சீக்கிரம் பரவு. எத்தனை ஊர் முடியுமோ அத்தனை அமை. ஒவ்வொன்றிலும் நூலகம் கட்டு. மற்றவர்கள் குதிரையில் வரும்போது நீ ரயிலில் போ. கடைசியில் விண்கலம். யாரையும் கொல்ல வேண்டியதில்லை. இடம் இருந்தால் போதும்.

என்னிடம் மூன்று ஊர்கள் இருந்தன. எப்போதும் நாலாவதாக வருவேன். எனக்கு அது போதுமாக இருந்தது. (இந்த வாக்கியத்தை வகுப்பில் யாரும் நம்பவில்லை. அப்படியே விடுகிறேன்.)

3

எங்கள் ஊரான தண்டர் பேயில் ஏரிக்கரை மரவீட்டை கேம்ப் என்போம். பள்ளியில் எல்லோருக்கும் ஒரு கேம்ப் இருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வகுப்பு காலியாகிவிடும். திங்கள் காலை கொசுக்கடியும் மீன் கதையுமாகத் திரும்பி வருவார்கள். கேம்ப் இல்லாதவர்கள் நானும் ஜோலீனும். ஊரில் தங்கி, வாகன நிறுத்துமிடத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, இல்லாத கேம்பில் என்ன செய்கிறோம் என்று பேசுவோம். "நேத்து படகு கவுந்துடுச்சு," என்பாள். "உன் வெயிட்டுக்கு," என்பேன்.

அவள் டிரைடன் என்ற ஊருக்குப் போய்விட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். எங்களுக்கு மிஞ்சியது சனிக்கிழமை ஆட்டம்தான்.

இந்த முறை எங்கள் இரண்டு நாடுகளுக்கும் நடுவில் ஒரு ஏரி வந்தது. அதன் கிழக்குக் கரை நல்ல நிலம். ஆறு, கோதுமை, இரும்பு. முதலில் ஜோலீனின் வேவுக்காரன்தான் அங்கே போனான். (முன்னே போய் வழி பார்த்து வரும் ஆள், ஆட்டத்தில் மிக மலிவானவன்.) அவனை அங்கேயே உட்கார வைத்தாள். "இதான் கேம்ப். எவளும் ஊர் கட்டக் கூடாது," என்றாள். நானும் ஒருவனை அனுப்பி, அவன் மூட்டிய தீயருகில் உட்கார வைத்தேன். ஜனவரி வரை அவர்கள் அங்கே இருந்தார்கள். உலகம் வெண்கலத்திலிருந்து வெடிமருந்துக்குப் போனது, அவர்கள் எழுந்திருக்கவில்லை.

4

ஜனவரியில் என் குடல்வால் வெடித்தது.

யாராவது வராவிட்டால் அவர் முறையைக் கணினி ஆடும் என்பது குழுவின் விதி. வெளியாள் ஆடினால் அந்த நாடு ஆட்டத்திலிருந்து நீக்கப்படும் என்பதும் விதி. இரண்டையும் எழுதியவள் நான். ஆனால் கணினிக்குக் காலி நிலம் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. அதனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி டெரிக்கிடம் கடவுச்சொல்லைக் கொடுத்தேன்.

"நீ எதுவும் செய்யாதே. முறை வந்தா பொத்தான அமுக்கு. கிழக்குக் கரைய மட்டும் தொடாதே."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கு ஒரு குரங்கு போதுமே, பொடிசு."

"குரங்கு கிடைக்கல."

சிரித்தான். நான் சிரித்தால் தையல் வலிக்கும் என்பதால் சிரிக்கவில்லை. மூன்று சனிக்கிழமைகள் போயின.

5

வீட்டுக்கு வந்த அன்று சமையலறை மேசையில் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். பக்கத்தில் ஒரு பெட்டி பெர்ஷியன் பன், இளஞ்சிவப்புச் சர்க்கரை தடவியது, எனக்குப் பிடித்தது. திரையில் ஒரு விண்கலம் புகை விட்டுக்கொண்டு மேலே போனது. கீழே என் பெயர், தங்க எழுத்தில்.

"ஜெயிச்சுட்ட."

"யாரு?"

"நீதான். 'கொரின்'னு போட்டிருக்கு பாரு. எல்லாரும் வாழ்த்து சொல்லியிருக்காங்க."

வரைபடத்தைத் திறந்தேன். கிழக்குக் கரை இல்லை. ஏரியைச் சுற்றி நெருக்கமாக ஏழு நகரங்கள், எல்லாம் என் நிறத்தில்.

"நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. கரையத் தொடாதேன்ன."

"அப்புறம்?"

"மருந்து பேசுதுன்னு நெனச்சேன். ஆறு, கோதுமை, இரும்பு. எவளாவது அதைச் சும்மா விடுவாளா?"

"நான் விட்டேன்."

"அதனாலதான் நாலாவதா இருந்த."

ஜோலீனின் இரண்டு ஊர்கள்கூட என் நிறத்தில் இருந்தன. அதைக் காட்டினேன்.

"அதுங்களா வந்துச்சு. நான் ஒரு அம்பு கூட விடல, சத்தியமா. நம்ம பக்கம் பள்ளிக்கூடம், விளக்கு, ரயிலு. பாத்தாங்க, வந்துட்டாங்க."

"என் வேவுக்காரன் எங்க?"

"கலைச்சுட்டேன். வீண் செலவு."

"அவளோட ஆளு?"

"யாரு?"

இந்த "யாரு"வைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நகரங்களை மன்னித்துவிடலாம். அவன் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே பார்த்திருக்கவில்லை. நாட்டின் எல்லை வளரும்போது அதற்குள் நிற்கும் வெளிநாட்டு ஆளை விளையாட்டே தூக்கி வெளியே வைத்துவிடும். யாரும் துரத்த வேண்டாம். ஒரு முறை ஜோலீனின் ஆள் தீயருகில் இருந்தான், அடுத்த முறை வடக்கே பனியில் நின்றான். அது நடந்தபோது ஜோலீன் திரையில் என் பெயரைத்தான் பார்த்திருப்பாள்.

6

இதுவரை எழுதியதை ஷெரில் படித்துவிட்டு, "உங்க அண்ணன் ஒரே நிறமா இருக்காரு, கொரின். அவருக்கு ஒரு காரணம் கொடுங்க," என்றார்.

பின்வரிசையிலிருந்து, லாரி ஓட்டுநர் வேர்ன், "அவனுக்கு எதுக்கு காரணம்? இவளுக்குத்தான் வேணும். விளையாட்டுல ஜெயிச்சதுக்கு ஒருத்தி அழுவாளா?" என்றார்.

"நான் அழல," என்றேன்.

"சரிம்மா, அழல."

காரணம் என்னிடம் இருக்கிறது. எழுத விருப்பமில்லாமல் வைத்திருந்தேன். அந்த மூன்று சனிக்கிழமைகளும் டெரிக் ஆடியது என் கட்டிலுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், வேலை பூட்ஸைக் கூடக் கழற்றாமல். என் ரத்தத்தில் சீழ் கலந்திருந்தது. டாக்டர் அவனை நடைவழிக்கு அழைத்துப்போய் ஏதோ சொன்னார். அதை இன்றுவரை என்னிடம் அவன் சொல்லவில்லை. என் உடம்புக்கு அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மடியில் ஒரு நாடு இருந்தது. அதற்குச் செய்தான்.

எழுதிவிட்டேன். இப்போது உங்களுக்கு அவனைப் பிடித்துப்போயிருக்கும். எனக்குத் தெரியும். என் கோபம் ஒரு விரற்கடை கூடக் குறையவில்லை. கெட்டவன் செய்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். இவன் மேல் கோபப்படும்போது நன்றி கெட்டவள் என்ற பெயர் எனக்குத்தான் வருகிறது. ஜெயித்தவள் அழுகிறாள் என்கிறார் வேர்ன். நான் ஜெயிக்கவில்லை. என் இடத்தில் உட்கார்ந்து இன்னொருவர் ஜெயித்தார், விலையை என் நண்பியிடம் வசூலித்தார், ரசீதில் என் பெயரைப் போட்டார்.

(ரசீது என்ற உவமை டயர் கடையில் வேலை பார்ப்பதால் வருகிறது. பிறகு மாற்றலாம்.)

7

முடிவுகள்.

முடிவு அ: குழுவிடம் சொல்கிறேன். என் விதிப்படி என்னையே நீக்குகிறார்கள். சனிக்கிழமை போகிறது, ஜோலீனோடு மிஞ்சியிருந்ததும் அதோடு போகிறது.

முடிவு ஆ: சொல்லாமல் இருக்கிறேன். அடுத்த ஆட்டம் தொடங்குகிறது. ஜோலீன் என் பக்கத்து நிலத்தில் இறங்கியதும் முதல் வேலையாகச் சுவர் கட்டுகிறாள். அவள் மேல் தப்பு

முடிவு இ: ஜோலீன் போன் செய்தாள். "அடி பைத்தியமே, அது நீ இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்," என்று சிரித்தாள். அடுத்த சனிக்கிழமை இருவரும் புது வரைபடத்தில் ஒரு புது ஏரியைக் கண்டுபிடித்தார்கள். கரையில் இரண்டு வேவுக்காரர்கள் தீ மூட்டி உட்கார்ந்தார்கள்.

[முடிவு இ நான் எழுதியது அல்ல. நேற்று மாலை வேலை முடிந்து வந்து பார்த்தபோது அது அங்கே இருந்தது. இந்தக் கதை வீட்டுக் கணினியில் திறந்தபடி கிடந்தது. சாட்சிக்காக அழிக்காமல் வைத்திருக்கிறேன்.]

8

டெரிக் வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தான். கோட்டு போடாமல் வெளியே போனேன்.

"என் கதையத் தொட்டியா?"

"ஓரமாத்தான். உள்ள போ, குளிருது."

"தொட்டியா?"

"நீ நடுவுல மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. தள்ளிவிட்டேன்."

"மாட்டிக்கல. யோசிச்சிட்டிருந்தேன். என் முறை."

"ரெண்டு வாரமாவா?"

"ரெண்டு வருஷம் ஆனாலும் என் முறைதான்."

மண்வாரியை ஊன்றி நின்றான். "நல்லா இல்லையா அது? அந்த ரெண்டு பேரையும் திரும்பக் கொண்டுவந்தேனே."

நன்றாகத்தான் இருந்தது. என்னுடைய இரண்டையும் விட நன்றாக இருந்தது. அதனால்தான் கோட்டுகூடப் போடாமல் ஓடி வந்திருந்தேன்.

"நீ கொண்டுவந்தது உன் ஆளுங்க," என்றேன். "ஜோலீன் என்ன சொல்லுவான்னு உனக்கு எப்படித் தெரியும்? அவ சிரிப்பான்னு யாரு சொன்னா?"

"அப்ப நான் என்னதான் செஞ்சிருக்கணும், பொடிசு?"

"பொத்தான அமுக்கியிருக்கணும்."

"வேற ஒண்ணும் செய்யாம?"

"வேற ஒண்ணும் செய்யாம."

தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அப்படியே உக்காந்து பாத்துட்டே இருக்கணுமா? அங்கயும்?"

எந்த இடத்தைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலி.

"ஆமா," என்றேன். "அங்கயும்."

அவன் மறுபடி பனியை வார ஆரம்பித்தான். நான் உள்ளே வந்தேன். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. மிச்சம் சொல்ல வேண்டியது வேறொருத்தியிடம்.

9

(இந்தப் பகுதி காலியாக இருக்கிறது.

முடிவை வாசகரிடம் விட்டுவிடுங்கள், அது மரியாதையான வழி என்றார் ஷெரில். யோசித்துப் பார்த்தேன். உங்களிடம் கொடுத்தால் நீங்களும் நல்லதுதான் செய்வீர்கள். ஜோலீனைச் சிரிக்க வைப்பீர்கள், டெரிக்கையும் என்னையும் கட்டிப்பிடிக்க வைப்பீர்கள். காலி இடத்தைப் பார்த்தால் உங்களுக்கும் கை சும்மா இருக்காது. உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் இது உங்கள் முறை இல்லை.

இங்கே யாரும் எதுவும் கட்ட வேண்டாம்.)

நாளை, புதன்: வேலைக்குப் போகும் முன் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். குழுவுக்கு எழுத வேண்டும்: அந்த வெற்றி என்னுடையது அல்ல, விதிப்படி என்னை நீக்கிவிடுங்கள். காலைச் சுற்று முடிந்து ஜோலீன் பேருந்தை நிறுத்தியதும் அவளைக் கூப்பிட வேண்டும். அவள் எடுத்தால், முதலில் அவள் பேசட்டும்.