மின்விசிறிக்குக் காது கொடுத்த மெஷின்

பெரியவளுக்கு வயிற்றெரிச்சல். அதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஓரகத்தி, அதுவும் இளையவள், அதே ஆபீசில் தனக்கு மேலதிகாரியாக உட்கார்ந்தால் யாருக்குத்தான் எரியாது? இத்தனைக்கும் அங்கே சிபாரிசு செய்து அவளைச் சேர்த்துவிட்டதே பெரியவள்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாள், பாவம்.

அந்த ஆபீசில் ஒரு சின்ன மெஷின் செய்துகொண்டிருந்தார்கள். வாய்க்கு எதிரே பிடித்து இருமினால் போதும். நெஞ்சில் சளி கட்டி நுரையீரல் கெட்டிருந்தால் சிவப்பு விளக்கு எரியும், இல்லையென்றால் பச்சை. மெஷினுக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஏகப்பட்ட இருமல் வேண்டுமல்லவா? அதைப் பதிவு செய்து வருவது பெரியவளின் வேலை. ஆஸ்பத்திரி வார்டில் கட்டில் கட்டிலாகப் போய் நோயாளிகளின் இருமலைப் பிடித்து வந்தாள். நல்ல உடம்புக்காரர்களின் இருமலுக்கு ஆபீசிலேயே சத்தம் புகாத அறை ஒன்று இருந்தது. ஆபீஸ்காரர்களையும் அவர்கள் வீட்டு ஆட்களையும் அங்கே உட்காரவைத்து இருமச் சொன்னாள். மாமியார்கூட ஒருநாள் வந்து, நாடகத்தில் சாகப்போகிறவள் மாதிரி இருமிக் காட்டிவிட்டுப் போனாள்.

அலைந்தவள் பெரியவள், பேர் வாங்கியவள் சின்னவள். அந்த இருமல்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி மெஷினுக்குப் புத்தி புகட்டியது அவள்தானாம். அவளுக்குக் கண்ணாடி அறை கிடைத்தது. மாமியார் போனில் அகப்பட்ட சொந்தக்காரர்களிடமெல்லாம், எங்கள் சின்னவள் மெஷின் கண்டுபிடித்திருக்கிறாள் என்று அளந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் துணி மடிக்கும் பெரியவள் மடித்த துணியையே உதறி மறுபடி மடிப்பாள். வாயைத் திறந்தால் பொறாமைக்காரி என்ற பட்டம்தான் மிச்சம்.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில் அலமாரியைச் சுத்தம் செய்யப்போய்த் தூசி ஏறி இருமல் வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த மெஷினை விளையாட்டாக எடுத்து வாய்க்கு முன்னால் பிடித்தாள். சிவப்பு. கல்லு மாதிரி இருக்கிற உடம்புக்குச் சிவப்பா என்று மறுபடி இருமினாள். மறுபடியும் சிவப்பு. அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. தலைக்கு மேலே மின்விசிறி நின்று வீடு நிசப்தமானது. இன்னொரு தடவை இருமினாள். பச்சை.

கரண்ட் வரும்வரை காத்திருந்து, விசிறியைப் போட்டும் நிறுத்தியும் இருமிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நோயாளிகளை அவள் பதிவு செய்த வார்டில் இரவும் பகலும் விசிறி ஓடும். நல்ல உடம்புக்காரர்கள் இருமிய அறையில் ஈ பறந்தாலும் கேட்கும். இந்த மெஷின் இருமலைக் கற்றுக்கொள்ளவே இல்லை. விசிறிச் சத்தம் கேட்டால் நோய், கேட்காவிட்டால் சௌக்கியம், அவ்வளவுதான் அதன் படிப்பு.

உடனே சின்னவளிடம் ஓடியிருக்க வேண்டும். அடுத்த வாரம் சில கிளினிக்குகளுக்கு மெஷினைச் சோதனைக்கு அனுப்பப்போகிறார்கள் என்பது தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். ஆனால் சொன்னால் அவள் சத்தமில்லாமல் சரிசெய்துகொண்டு அதற்கும் பேர் வாங்கிவிடுவாளே! பணம் போடப்போகிறவர்கள் கூடும் கூட்டத்தில், நாலு பேர் முன்னால் எழுந்து கேட்டால்தான் அவள் மூக்கு உடையும். கிளினிக்கில் டாக்டர் இருப்பார், மெஷினை மட்டும் நம்பி யாரும் வைத்தியம் பார்க்கமாட்டார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரே சமையலறையில் சின்னவளோடு தோளை இடித்துக்கொண்டு வேலை செய்தாள், மூச்சு விடவில்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. சந்தோஷமாக இருந்தாள் என்றே சொல்லவேண்டும்.

கூட்ட நாள் வந்தது. முதலாளி, பணக்காரர்கள், சோதனை நடந்த கிளினிக்கிலிருந்து ஒரு டாக்டரம்மா எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் கடைசி நாற்காலியில், எப்போது வாயைத் திறக்கலாம் என்று காத்திருந்தாள். அதற்குள் சின்னவள் எழுந்துவிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

"இந்த மெஷினை விக்கக் கூடாது. இது இருமலைக் கேக்கல, ஃபேன் சத்தத்தைக் கேக்குது."

முதலாளி அவளைத் தடுக்கப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. கிளினிக்கில் ஒரு குழந்தைக்குப் பச்சை விளக்கு எரிந்ததை நம்பி, அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம் நர்ஸ். இரண்டே நாளில் மூச்சுத் திணறலோடு தூக்கி வந்திருக்கிறார்கள். இன்னும் தீவிர சிகிச்சையில்தான் இருக்கிறது. நேற்று டாக்டரம்மா போன் செய்ததும் சின்னவள் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறாள். பரிசோதித்த அறையில் விசிறியே இல்லை, அங்கே யார் இருமினாலும் பச்சை; விசிறி ஓடும் அறைக்குக் கொண்டுபோனால் யாருக்கும் சிவப்பு. தப்பு முழுக்கத் தன்னுடையது, இருமலை எங்கே எப்படிப் பதிவு செய்தார்கள் என்று தான் ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டும், அதற்காக எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி என்றாள்.

திட்டப்போகிறார்கள், இன்றோடு இவள் கதை முடிந்தது என்று பெரியவள் நினைத்தாள். நடந்ததோ வேறு. பணம் போட வந்த பெரியவர், பிழைப்பே போகும் என்று தெரிந்தும் இப்படி எழுந்து சொல்பவளை நம்பித்தான் பணம் போட முடியும் என்றார். முதலாளியின் முகம் மாறியது. இத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் இவள் ஒருத்திக்காவது இதைக் கண்டுபிடிக்கிற புத்தி இருந்ததே என்று அவரும் சேர்ந்துகொண்டார்.

பெரியவளுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டது. இதுவும் அவளுக்கா? தான் கண்டுபிடித்ததற்கான பேருமா?

"போன மாசமே நான் கண்டுபிடிச்சுட்டேன். இவளுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்" என்றாள், எழுந்து நின்று.

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவள் காதிலேயே விழுந்தது.

"போன மாசமாக்கா?" என்று கேட்டாள் சின்னவள். கோபமாகக் கேட்கவில்லை. தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

அதுவரை வாய் திறக்காத டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அந்தக் குழந்தை வந்தது போன வாரம்தாம்மா."

முதலில் கண்டுபிடித்தது பெரியவள்தான். அந்த அறையில் யாரும் அதை மறுக்கவில்லை.