ஐந்தே கால் அடிக் கட்டில்

தொழிலில் அவளுக்கு அங்குலம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை வங்கியில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். சின்ன வீடுகளை மனுஷர் புழங்குகிற வீடுகளாக மாற்றித் தருவது அவள் வேலை. எள் போட்டால் எள் விழாத வீட்டில் கட்டில், மேஜை, அலமாரி, துணி காயப்போடும் கம்பி வரைக்கும் மடக்கி, நீட்டி, சுவருக்குள் தள்ளி, "அட, நடக்க இடம் இருக்கே!" என்று வீட்டுக்காரர்களைச் சொல்ல வைத்துவிடுவாள். தச்சர் ஓர் அங்குலத்தை விட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவர் பாடு திண்டாட்டம்தான்.

அங்குலத்தின் அருமை அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றால், அண்ணியால் தெரிந்தது. புருஷனை விட்டுவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தபோது, அண்ணி அவளுக்குக் காட்டிய இடம் சமையலறைத் தரை. ஏழடிக்கு ஐந்தடி. அடுப்பு மேடையும் ஃப்ரிட்ஜும் போக மிச்சம் இருந்தது அவள் உடம்பு அகலம். விடிவதற்குள் பாயைச் சுருட்டிவிட வேண்டும், அண்ணி காபி போட வருவாளே. காய்ச்சல் நாளிலும் சுருட்டினாள். இப்படி இரண்டு வருஷம். ஹாலில் ஒரு சோபா சும்மாவேதான் கிடந்தது. "அதுல படுத்தா பஞ்சு அமுங்கிடும்" என்று அண்ணி சொன்னபோது அண்ணன் செய்தித்தாளை ஒரு பக்கம் புரட்டினான். அவனைக் குறை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. பாவம், பிள்ளைப்பூச்சி. வெறுப்பு முழுவதையும் அண்ணி மேலேயே வைத்துக்கொண்டாள். பதினாறு வருஷம் ஆகியும் அது ஆறவில்லை.

அப்படிப்பட்ட அண்ணி ஒருநாள் பட்டறைக்கே வந்து நின்றாள். பிள்ளைகள் தலையெடுத்து வெளியே போய்விட்டார்கள், பெரிய வீட்டை விட்டு நகரத்தின் நடுவில் ஒரு சின்ன வீட்டுக்கு வருகிறார்களாம்.

"நம்ம வீட்டுப் பொண்ணு நீ இருக்கும்போது வெளியாளைக் கூப்பிடுவேனா? உங்க அண்ணன் விடற குறட்டையில இருபது வருஷமா எனக்குத் தூக்கமே இல்லம்மா. அவரை ரூமுக்குள்ள போட்டுக் கதவைச் சாத்திடலாம். எனக்கு ஹால்ல, சுவரோட மடக்குற மாதிரி ஒரு கட்டில் போட்டுக் குடு. நான் ஒருத்தி படுக்கத்தானே, சின்னதா இருந்தா போதும்."

நம்ம வீட்டுப் பொண்ணாம். அங்குலத்துக்கு உச்சந்தலை வரை எரிந்தது. ஆனாலும் சிரித்தாள்.

"கண்டிப்பா அண்ணி. உங்க உயரம் சொல்லுங்க."

ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கட்டிலை ஐந்தே கால் அடி என்று குறித்துக்கொண்டாள்.

வேலையில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த வீட்டுக்கும் இரண்டு படம் வரைவாள். ஒன்று, எல்லாம் சாத்தியிருக்கும்போது வீடு எப்படி இருக்கும் என்பது. இன்னொன்று, கட்டில், கதவு, இழுப்பறை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும்போது எப்படி இருக்கும் என்பது. சாத்திய படத்தைப் பார்த்து மயங்கினவர்கள் பிறகு அலமாரியைத் திறக்க மேஜையைத் தெருவில் கொண்டு வைக்க வேண்டியிருக்கும் என்பாள். இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் பலகையில் ரம்பம் படாது.

அண்ணிக்கு மட்டும் சாத்திய படத்தோடு நிறுத்திக்கொண்டாள். "எவ்வளவு இடம்!" என்று அண்ணி பூரித்துப்போனாள். அண்ணனும் பக்கத்தில் இருந்தான். கட்டட அலுவலகத்தில் முப்பது வருஷம் பிளான் போட்டவன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தான், பிறகு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தான்.

திறந்த படத்தைப் பார்த்தவர் தச்சர் ஒருவர்தான். பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, கட்டிலை இறக்கினா பாத்ரூம் கதவு திறக்காது. வாசக் கதவும் ஒரு சாண்தான் திறக்கும். எதிர்ச் சுவர்ல வெச்சா ஒரு பிரச்சனையும் இல்லையே?"

"தெரியும்."

"ராத்திரி யாருக்காவது அவசரம்னா, படுத்திருக்கிறவங்க எழுந்து மெத்தையோட தூக்கணும்க்கா."

"அண்ணனுக்குச் சர்க்கரை. நாலு தடவை போவான்," என்றாள் அங்குலம். "நாலு தடவையும் தூக்கட்டும்."

இந்தக் குரலைத் தச்சர் அவளிடம் கேட்டதில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்.

வீடு முடிந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அங்குலம் நிம்மதியாகத் தூங்கினாள். அண்ணி தலை கலைந்து, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முனகிக்கொண்டே கட்டிலைத் தூக்குவதை நினைத்து நினைத்து ருசித்தாள். வெட்கமாக இருந்ததா என்றால், துளிகூட இல்லை. இனித்தது.

போகப் போக நினைப்பு மட்டும் போதவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஒரு மாதம் கழித்துப் போய்க் கீல்களைச் சரிபார்ப்பது எல்லா வீட்டுக்கும் வழக்கம்தான். மற்ற வீடுகளுக்குப் பத்து மணிக்குப் போகிறவள், இந்த வீட்டு மணியைக் காலை ஆறு மணிக்கே அடித்தாள்.

கதவு ஒரு சாண் திறந்து, கட்டிலில் இடித்து நின்றது. அவள் நெஞ்சு துள்ளியது.

"இரு, இரு, கட்டிலைத் தூக்கிடறேன்," என்றது உள்ளேயிருந்து அண்ணனின் குரல்.

உள்ளே போனாள். ஆறடி அண்ணன், பாத்ரூம் கதவோடு ஒட்டிக்கொண்டு, தலையணையும் கையுமாக நின்றான். இரண்டு கணுக்காலிலும் கட்டில் விளிம்பு அழுத்தின சிவப்புக் கோடு. ரூம் கதவு சாத்தியிருந்தது.

"அண்ணி எங்க?"

"தூங்கறா. முதல் வாரமே ரூமுக்கு மாறிட்டா. அடிக்கடி எழுந்து தூக்க அவளால முடியலையாம்."

"நீயும் சரின்னுட்டியா?"

"கதவைச் சாத்திக்கிட்டா குறட்டையும் கேக்கலையாம்," என்று அண்ணன் தரையைப் பார்த்தான்.

அங்குலத்துக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அண்ணி கஷ்டத்தைத் தாங்குகிற ஆளா? நல்ல இடத்தைத் தான் பிடித்துக்கொண்டு, வாயில்லாதவர்களை மூலையில் தள்ளுகிற கை அது. இரண்டு வருஷம் அந்தக் கையால் சோறு வாங்கித் தின்றவளுக்கு இது தோன்றாமல் போயிற்றே!

"பிளானைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும்," என்றான் அண்ணன், குரலைத் தாழ்த்தி. "கதவு எந்தப் பக்கம் திறக்கும், கட்டில் எங்க வந்து விழும்னு எனக்குத் தெரியாதா? நீ வேணும்னேதான் செஞ்சிருக்கன்னு புரிஞ்சுது. உன் கோபம் நியாயம்தானே. அதான் நான் வாயைத் திறக்கல."

இதைக் கேட்டு அவள் உருகிவிடுவாள் என்று நினைத்தான் போல. அவளுக்கோ பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக ஆளை மாற்றி வெறுத்துக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. அண்ணி பொல்லாதவள், சரி. ஆனால் அவள் யாரோ ஒரு வீட்டுப் பெண். இவன் கூடப்பிறந்தவன். தங்கை அடுப்படியில் சுருண்டு கிடந்தபோது நாலடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்தவன்.

"எனக்காகவா வாயைத் திறக்கல? நீ யாருக்காக எப்ப திறந்திருக்க?" என்றாள். "சரி, இப்ப திற. அண்ணி எழுந்து வரட்டும். 'எனக்குக் கால் நீட்டிப் படுக்கணும், நான் ரூமுக்கு வரேன், நீ ஹாலுக்குப் போ'ன்னு என் முன்னாடி சொல்லு. அது போதும். இன்னிக்கே தச்சரைக் கூப்பிட்டுக் கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாத்தறேன். அண்ணிக்கும் கஷ்டம் இருக்காது. என் கோபத்தையும் இங்கயே விட்டுட்டுப் போயிடறேன்."

மனசாரத்தான் சொன்னாள். அவன் சொல்லிவிட வேண்டுமே என்று அவளுக்கு உள்ளுக்குள் தவித்தது.

ரூம் கதவு திறந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு அண்ணி வந்தாள்.

"வாம்மா! இவ்வளவு காலையிலயா? வீடு பிரமாதம் போ. உங்க அண்ணனுக்கு அந்தக் கட்டில் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இல்லைங்க?"

அண்ணன் நிமிர்ந்தான். வாயைத் திறந்தான். அங்குலம் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காபி போடட்டுமா?" என்று அண்ணியைக் கேட்டான்.

அங்குலம் பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். சுவரோடு நிமிர்த்தி வைத்திருந்த கட்டிலின் கீலில் இரண்டு திருகுகள் தளர்ந்திருந்தன. ஐந்தடி ஆளுக்குச் செய்த கட்டிலில் ஆறடி ஆள் படுத்தால் அப்படித்தான் ஆகும். இப்படியே விட்டால் இன்னும் நாலைந்து மாதத்தில் கீல் பிடுங்கிக்கொண்டுவிடும், பிறகு கட்டிலைக் கழற்றி எறிந்துதான் ஆக வேண்டும். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, மணிக்கட்டு வலிக்க வலிக்க இரண்டையும் இறுக்கினாள். அதுவும் போதாது என்று பையைத் துழாவி, பெரிய திருகாகப் பார்த்து இன்னும் நாலு போட்டாள்.

"இனிமே ஆடாதுண்ணா," என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "இருபது வருஷம் தாங்கும்."