பக்கெட்டுக்குள் ஒரு மணி நேரம்

என் மாமனார் தனபாலுக்கு வாட்ச் பேட்டரி தீர்ந்துவிட்டால், காலை பஸ்ஸைப் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி இறங்கி, சேலத்துக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவார். ஏற்காட்டில் வாட்ச் கடை இல்லாமல் இல்லை. ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கத்தில் ஒன்று இருக்கிறது. அதை நடத்துவது அவருடைய ஒரே மருமகள் ஹேமலதா. அதாவது நான்.

ஊரே என்னிடம் வரும். ஓட்டல் மேனேஜர்கள் வருவார்கள், தோட்டத்து ஆட்கள் வருவார்கள், டூருக்கு வந்த இடத்தில் போனை ஏரியில் நனைத்தவர்கள் அழாத குறையாக வருவார்கள். மாமா மட்டும் என் கடையைத் தாண்டிப் போய் பஸ் ஏறுவார். திரும்பி வரும்போது சேலத்துக் கடைக்காரன் கொடுத்த சீட்டு சட்டைப் பையில் எட்டிப் பார்க்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தப்பு என்மேல்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான மூன்றாம் மாதம் அவருடைய வாட்சுக்கு ஆசை ஆசையாக பேட்டரி மாற்றிக் கொடுத்தேன். பின்மூடிக்கு அடியில் ரப்பர் வாஷர் மடங்கி உட்கார்ந்ததைப் பார்க்கவில்லை. மறுநாள் எஸ்டேட் தொட்டியில் குளித்துவிட்டு வந்தார். கண்ணாடிக்குள் தண்ணீர் தளும்பியது. மனிதர் இருபது வருடம் நேவியில் டைவராக இருந்தவர். கடலுக்குள் மூழ்கிக் கப்பலின் அடிப்பக்கத்தைச் சோதிக்கிற வேலை. அவர் கையிலிருந்த வாட்சைத்தான் நான் தொட்டித் தண்ணீரில் சாகடித்தேன். திட்டியிருந்தால்கூட ஜீரணித்திருப்பேன். "பரவால்ல கண்ணு" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குத் தொடங்கிய சேலம் பயணம், பதினோரு வருடமாக நிற்கவில்லை.

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. படகின் விளிம்பில் மாமா உட்கார்ந்திருப்பார், இருபத்தெட்டு வயது, உடம்பெல்லாம் கறுப்பு ரப்பர் உடை. இடது கையைத் தூக்கியிருப்பார். அந்தக் கையில் சர்வீஸில் கொடுத்த வாட்ச். கறுப்பு டயல், வாள் மாதிரி அகலமான முட்கள், கண்ணாடியைச் சுற்றித் திருகுகிற ஒரு வளையம். மூழ்கும்போது வளையத்தில் இருக்கும் முக்கோணத்தைப் பெரிய முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போய் எத்தனை நிமிடம் ஆயிற்று என்பது பார்த்த உடனே தெரியும். ரிட்டயர் ஆன அன்று அந்த வாட்சைக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு எதைப் பற்றியும் அவர் குறைபட்டு நான் கேட்டதில்லை. அந்த வாட்சைப் பற்றி மட்டும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பேசுவார்.

போன வருடம் சித்திரையில் ஒருநாள் போட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. இதை நாமே செய்தால் என்ன? தோன்றிய நிமிடத்திலிருந்து எனக்குக் கை நிற்கவில்லை. போட்டோவை போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினேன். அவருடைய மணிக்கட்டை அளந்து அதிலிருந்து வாட்சின் அகலத்தைக் கணக்குப் போட்டேன். கேஸ் என்கிற வெளிக்கூடு ஓர் ஊரிலிருந்து வந்தது, பேட்டரி இல்லாமல் கை அசைவிலேயே ஓடும் மெஷின் வேறோர் ஊரிலிருந்து வந்தது. டயலை நானே செய்தேன். பதினான்கு டயல் குப்பைக்குப் போனது. இருட்டில் ஒளிர்கிற பெயின்டை ஊசி முனையில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மணிக் குறியாக வைத்தேன். கடைசியில் மெஷினைப் பூட்டி லேசாக ஆட்டினேன். செகண்ட் முள் புறப்பட்டு ஓடியது. கடையில் யாரும் இல்லை. நானே கை தட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் சரவணன் காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். அவரிடம்தான் முதலில் காட்டினேன். "நொம்ப நல்லாருக்குது. அப்பா கட்டுவாரா?" என்றார். அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் இருந்திருக்கலாம்.

இந்த வருடம் பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை காலை, மாமாவின் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வாட்சை வைத்தேன். அவர் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். வளையத்தைத் திருகி, காதருகே வைத்துக் கிளிக் சத்தத்தைக் கேட்டார்.

"குறியெல்லாம் எதுக்கு கண்ணு மஞ்சளா வெச்ச?"

"போட்டோல அப்படித்தானுங்களே மாமா இருக்குது."

"அது போட்டோ பழுத்துப்போனது. வாட்ச் பழுக்கல. எனக்குக் குடுத்தப்ப வெள்ளையாத்தான் இருந்துச்சு."

பழசு போலத் தெரிய வேண்டும் என்று எங்கள் தோட்டத்துக் காபி டிகாஷனை ஒரு சொட்டு பெயின்டில் கலந்து, அந்த மஞ்சளைக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு கடைக்கு ஓடினேன். சாயங்காலத்துக்குள் அத்தனை குறியையும் சுரண்டி வெள்ளை வைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மறுபடி நீட்டினேன். இந்தத் தடவை அவர் வாட்சை வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ராமசாமி வர்றான்" என்றார். ராமசாமி அவரோடு ஒரே படகில் வேலை பார்த்தவர். கோயமுத்தூரிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வருவார். "அவன் கண்ணுக்கு முன்னாடி சும்மா பொம்மையக் கட்டிட்டு நிக்க முடியாது. நாங்க கடல்ல எறங்கறதுக்கு முன்னாடி வாட்ச பக்கெட் தண்ணியில ஒரு மணி நேரம் போட்டு வெப்போம். அதுல நின்னா கட்டறேன்."

இது போதாதா எனக்கு. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக என் வேலைக்கு ஒரு பரீட்சையாவது வைத்திருக்கிறார். இந்த முறை வாஷரை லென்ஸ் வைத்து மூன்று தடவை பார்த்தேன். கிரீஸ் தடவினேன். மறுநாள் காலை பின்மூடியைக் கை வலிக்கத் திருகி, வெளித் தொட்டியிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் மொண்டு வைத்தேன். பனி விலகாத நேரம். விரல் விட்டால் மரத்துப்போகிற தண்ணீர். மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாட்சை இறக்கினேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் குனிந்து பார்த்தார். எழுந்து, நாற்காலியை மடித்து ஓரமாக வைத்தார்.

"பரவால்ல கண்ணு" என்றார்.

கண்ணாடிக்குள் வெள்ளையாகப் புகை மூடியிருந்தது. முட்களே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. அவர்மேல் இல்லை, அந்த இரண்டு வார்த்தையின்மேல்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடையைத் திறந்து எல்லாவற்றையும் பிரித்தேன். புது வாஷர் போட்டேன். முள்ளைத் திருப்பும் சாவித் திருகுக்கும் புதுசு. மூடினேன், பக்கெட்டில் போட்டேன், புகை. பிரித்தேன், துடைத்தேன், மூடினேன், போட்டேன், மறுபடி புகை. ஆனால் ஒன்று உதைத்தது. வாட்சை உள்ளங்கையில் பொத்திச் சூடு காட்டினால் புகை தானாகக் கலைந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒழுகுகிற வாட்ச் இப்படியா இருக்கும்?

வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றேன். எதிரே ரவுண்டானா தெரியவில்லை. அவ்வளவு பனி. கதவைத் திறந்து வைத்தால் கடைக்குள்ளேயே வந்து உலாவும். எங்களுக்கு அது பழகிப்போனது, யாரும் கவனிப்பதில்லை. அந்த நேரம் சரவணன் டீ குடிக்க வந்தவர், போனில் காபி உலர்த்தும் களத்து ஆட்களோடு சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

"ஏனுங்க, எத்தன தடவ சொல்றது? பனி போகாம காபிய மூட்டை கட்டாதீங்க. ஈரம் உள்ளயே நின்னுக்கும். நல்லா வெயில் ஏறட்டும், அப்புறம் கட்டுங்க."

நான் அவரையே பார்த்தேன். பிறகு வாட்சைப் பார்த்தேன்.

"ஏனுங்க, இன்னொருக்கா சொல்லுங்க."

"என்னத்த?"

"காபிய எதுக்குப் பனியில மூட்டை கட்டக் கூடாது?"

"ரைட்டர் பொண்டாட்டிக்கு இது தெரியாதா?" என்றார். தெரியும். மலையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். காபியில் தெரிந்தது வாட்சில் எனக்கு உறைக்கவில்லை. வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே போகவே இல்லை. ஏற்காட்டுப் பனியை நானே பத்திரமாக உள்ளே வைத்து, காற்றுப் புகாமல் மூடி, அதன்மேல் கிரீஸும் தடவியிருக்கிறேன். ஐஸ் தண்ணீர் பட்டதும் அது கண்ணாடியில் படிந்துவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

சனிக்கிழமை எஸ்டேட் ஜீப் காபி மூட்டையோடு கீழே இறங்கியது. சரவணன்தான் ஓட்டினார், நானும் ஏறிக்கொண்டேன். பின்மூடி திறந்த வாட்ச் ஒரு டிபன் டப்பாவுக்குள் இருந்தது. செல்போன் பெட்டிகளில் ஈரத்தை உறிஞ்சுவதற்காக வரும் வெள்ளைப் பொட்டலங்கள் கடையில் கிடந்தன. அத்தனையையும் அதோடு போட்டிருந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் காற்றில் சூடு ஏறியது. பத்தாவது வளைவில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். அடிவாரம் வந்தபோது மணி இரண்டு, வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வெயிலை அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் பார்த்ததில்லை.

ஜீப்பை வெயிலில் நிறுத்தச் சொன்னேன். கண்ணாடிகளை ஏற்றினோம்.

"நீங்க எறங்குங்க" என்றேன் சரவணனிடம்.

"எதுக்கு?"

"உங்க மூச்சுல ஈரம் இருக்குது."

கட்டிய புருஷனை மூச்சு விடுகிற குற்றத்துக்காக ஜீப்பை விட்டு இறக்கியவள் நானாகத்தான் இருப்பேன். அவர் புளியமரத்தடியில் நின்று இளநீர் குடித்துக்கொண்டே என்னை வேடிக்கை பார்த்தார். நான் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, அடுப்பு மாதிரி கொதிக்கிற ஜீப்புக்குள், மடியில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் காயவிட்டேன். நெற்றி வியர்வை டயலில் விழுந்தால் எல்லாம் போச்சு. மூச்சை அடக்கி, பின்மூடியை வைத்து, திருகினேன். ஒரே மூச்சில் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராமசாமி வந்து பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நடு ஹாலில் வைத்தேன். மாமா முகம் மாறியது. நண்பன் எதிரில் நான் அவமானப்படப் போகிறேனே என்று அவருக்குப் பயம். "வேண்டாம் கண்ணு" என்று மெதுவாகச் சொன்னார்.

"ஒரு மணி நேரமுங்க மாமா" என்று சொல்லி வாட்சைப் போட்டேன்.

பத்தாவது நிமிடத்தில் மாமா குனிந்து பார்த்தார். இருபதாவது நிமிடத்தில் ராமசாமி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாற்பதாவது நிமிடத்தில் மாமாவும் உட்கார்ந்தார். எழுபது தாண்டிய இரண்டு பேர் பக்கெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்க, சரவணன் அவர்களைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒரு மணி நேரம் ஆனதும் மாமாவே கையை விட்டு எடுத்தார். கண்ணாடி துல்லியமாக இருந்தது. செகண்ட் முள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணுன?" என்றார்.

சொன்னேன். காபி மூட்டை, பனி, ஜீப், புருஷனின் மூச்சு எல்லாம். ராமசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

"அப்ப கடைசியில நீயும் சேலத்துக்குத்தான் எடுத்துட்டுப் போன" என்றார்.

"அடிவாரம் வரைக்கும்தானுங்க மாமா."

அப்போதுதான் அவர் உதடு லேசாக விரிந்தது. கையிலிருந்த பழைய வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். புதியதை எடுத்து, பட்டையைக் கோத்து, போட்டோவில் இருக்கிற மாதிரியே இடது மணிக்கட்டில் கட்டினார். ராமசாமி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்றா தனபாலு, என்ற வாட்சும் நின்னு கெடக்குது. உங்கூர்ல நல்ல கடை எது?"

நான் பக்கெட்டைத் தூக்கியபடி அப்படியே நின்றேன்.

"வா, காட்டறேன்" என்றார் மாமா.

நான் முன்னால் ஓடிப் போய்க் கடையைத் திறந்தேன். பின்னாலேயே இருவரும் வந்தார்கள். ராமசாமி நேராக உள்ளே வந்துவிட்டார். மாமா வாசலில் ஒரு நிமிடம் நின்று, பலகையில் என் பெயரைப் படித்தார், முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி வந்தார். கடைக்கு யாரும் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. நான் சொல்லவில்லை.

ராமசாமியின் வாட்சை வாங்கி மேசையில் வைத்தேன். அதன் பக்கத்தில் இன்னொரு வாட்ச் வந்து விழுந்தது. மாமாவின் சட்டைப் பையில் இருந்த அந்தப் பழையது.

"இதுக்கும் பேட்டரி வீக்கா இருக்குது கண்ணு. எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷமுங்க மாமா. உக்காருங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது கையைத் தூக்கினார். வளையத்தைக் கிளிக் கிளிக்கென்று திருகி, முக்கோணத்தைப் பெரிய முள்ளுக்கு நேராக நிறுத்தினார். "ம், ஆரம்பி" என்றார்.

வாஷரை லென்ஸ் வைத்து மூன்று தடவை பார்த்தும்கூட, எட்டு நிமிடத்தில் முடித்தேன்.