கரட்டில் அடித்த கோயில் மணி

ஊரே சூசையைத் திருடன் என்று வைதது. வையாமல் என்ன செய்யும்? கோயில் மணியைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினால் யார்தான் சும்மா விடுவார்கள்?

கூமாப்பட்டிக்குக் கிழக்கே காட்டாற்றங்கரையில் முப்பது வீடு, நடுவில் சவேரியார் கோயில். சூசை அங்கே கோயில்பிள்ளை. மணியடிப்பதும் விளக்கேற்றுவதும் அவன் பாடு. மூன்று வருஷத்துக்கு முன் ஆறு பெருகியபோதும் கை ஓயாமல் அடித்தான். மணி கேட்டால் அந்தச் சனம் எங்கே ஓடும்? கோயிலுக்குத்தான். கோயிலோ பள்ளத்தில். சனம் நிறைந்த பிறகு தண்ணீரும் உள்ளே வந்தது. மற்ற எல்லாரும் பீடத்தில் ஏறித் தப்பினார்கள். சூசையின் எட்டு வயது மகள் ரோசம்மாள் தண்ணீரோடு போய்விட்டாள். ஆண்டவர் சித்தம் என்றது ஊர். பிள்ளையை அங்கே கூப்பிட்டது தன் கை என்று சூசைக்குத் தெரியும். மனைவி சந்தனமேரி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான், பாவி.

இந்த ஐப்பசியிலும் ஒரு மத்தியானம் மலை கறுத்தது. ஆற்றில் செந்தண்ணீர், வேரோடு மரங்கள். உபதேசியார் இருதயம் ஓடி வந்தார்.

"ஏலே, அடிலே மணியை!"

"அடிச்சா இங்கனதான் வருவாக, ஐயா."

"அப்ப வீடு வீடாப் போய்ச் சொல்லு."

"நான் சொல்லி முடிக்கதுக்குள்ள தண்ணி வந்து சொல்லிரும்."

ஏணி போட்டு மணியைக் கழற்றினான். "சாமியாருக்கு யாருலே பதில் சொல்றது?" என்று உபதேசியார் கத்தியது ஊருக்கு மேலே பாறைமேடாக நின்ற கரடுவரை கேட்டது.

கரட்டு உச்சியில் வேப்பங்கிளையில் கட்டி அடித்தான். பழக்கதோஷம், சனம் முதலில் கோயிலுக்குத்தான் ஓடியது. அங்கே வெறும் கயிறு தொங்கியது. "மணியைக் களவாண்டுட்டாம்லே!" அவ்வளவுதான், எழுந்து நடக்க மாட்டாத கிழங்கட்டைகூடக் கரட்டுக்குக் கிளம்பிவிட்டது. உயிருக்கு வராவிட்டாலும் மணிக்கு வந்தார்களே! முன்னால் கம்போடு வந்த பால்துரை பாதி ஏற்றத்தில் திரும்பிப் பார்த்தான். கோயில் வாசலில் தண்ணீர் சுழன்றது. கம்பைப் பின்னால் வந்த கிழவிக்கு ஊன்றக் கொடுத்தான்.

எல்லாரும் வந்துவிட்டார்கள், சந்தனமேரியைத் தவிர. சூசை கை வீங்க வீங்க அடித்தான்.

கடைசியில் இடுப்புவரை நனைந்து ஏறி வந்தாள்.

"எங்கட்டி போன?"

"கோயிலுக்குள்ள பிள்ளைக எதுவும் நிக்குதான்னு பாத்துட்டு வாரேன். யாரும் இல்ல. நிறுத்துங்க."

அவனால் நிறுத்த முடியவில்லை. அவளே மணியின் நாக்கைப் பிடித்து நிறுத்தினாள்.

"அன்னைக்கும் இங்கன வந்து அடிச்சிருக்கலாம்ல?"

"அடிச்சிருக்கலாம்ட்டி" என்றான் சூசை.

மூன்று வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள்.