கேப்டன் டார்ன்லி வீடு திரும்பிய வாரம்

என் கணவர் ஓரின் ஊர் சுற்றுவதற்கென்றே பிறந்தவர். எங்கள் டிராய் நகரத்து வாரப் பத்திரிகைக்கு மேற்கு மலைகளிலிருந்து செய்தி எழுதுவார். கூடவே கேப்டன் டார்ன்லி என்ற வீரனின் தொடர்கதையும். டார்ன்லி கரடியோடு மல்லுக்கட்டுவான், வெள்ளத்தில் நீந்துவான். வீட்டுப் பக்கம் மட்டும் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டான். எழுதுகிறவரும் அப்படித்தான். நான் அவர் முகத்தைப் பார்த்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

பிப்ரவரியில் பனி ரயிலை மறித்தது. அத்தியாயம் வந்து சேரவில்லை. பத்திரிகை ஆசிரியர் புரூயிட் என் சமையலறைக்கே வந்துவிட்டார்.

"நாளைக்கு அச்சுக்குப் போகணும்மா. இப்படி வராதப்ப ஆபீஸ்ல யாராவது எழுதி ஒப்பேத்திடுவோம். ஆனா அவர் நடை உங்களுக்குத்தான் அத்துப்படி. நீங்களே எழுதிக் குடுங்களேன்."

"நான் எழுதினா கரடி வராது. பரவாயில்லையா?"

"எது வேணா வரட்டும். பக்கம் நிரம்பினா போதும்."

எழுதினேன். டார்ன்லியை மலையிலிருந்து இறக்கி வீட்டு வாசலில் நிறுத்தினேன். குதிரையைக் கொட்டிலில் கட்ட வைத்தேன். கதவைத் திறந்த மனைவிக்கு என் மூக்கையே கொடுத்தேன். அவள் சோள ரொட்டி சுட்டாள். அவன் பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் வைத்து, இனி எங்கும் போக மாட்டேன் என்றான். எழுதும்போது அழுகை வந்தது. இதில் வெட்கமென்ன, வந்தது.

பனி விலகி ரயில் ஓடத் தொடங்கியதும், நான் விட்ட இடத்திலிருந்தே ஓரின் கதையைத் தொடரட்டும் என்று ஆசிரியர் அந்த இதழை அவருக்கு அனுப்பினார். படித்தால் புரிந்துகொண்டு கிளம்பி வருவார் என்று நம்பினேன். ரயில் ஊதும்போதெல்லாம் தலையை வாரிக்கொண்டேன்.

அவர் வரவில்லை, அடுத்த அத்தியாயம்தான் வந்தது. புரூயிட் அதை என்னிடம் நீட்டிவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் வரியில் டார்ன்லி ரொட்டியைத் தின்றான். இந்த ருசிக்காக எத்தனை இரவு ஏங்கியிருக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னான். இரண்டாம் வரியில் விடிந்துவிட்டது; பூட்ஸை மாட்டிக் குதிரையேறிவிட்டான். மூன்றாம் வரியில் கரடி.

"மனசுல வச்சுக்காதீங்கம்மா," என்றார் புரூயிட்.

"ஏங்கினாராமே, அதையாவது எழுதினாரே மனுஷன்." தாளை மடித்து அவரிடமே நீட்டினேன். "இன்னொரு தடவை தபால் தவறினா என்கிட்டயே வாங்க ஐயா. குதிரையோட காலை ஒடிச்சுப் போடுறேன்."

அவர் சிரித்தார். ஓரினுக்கும் அதை எழுதியிருப்பார் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு தபால் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.