தராசில் வைத்த தொக்கு

தராசில் நின்ற எண்ணைக் கொனாடு இரண்டு முறை பார்த்தாள். கானாவில் குமாசி நகருக்கு அப்பால் இருந்த அந்த விடுதிப் பள்ளியில் காலையிலிருந்து அவள் மிளகாய்த் தொக்குதான் நிறுத்துக்கொண்டிருந்தாள். வளரிளம் பிள்ளைகளின் மூர்க்கத்தை அளக்க, அவளை ஆய்வு வேலைக்கு வைத்திருந்த பேராசிரியர் கொடுத்தனுப்பிய முறை அது. ஒவ்வொரு பிள்ளையும் இன்னொருவருக்குத் தொக்கு வைக்க வேண்டும். வைத்ததை அவர் தின்றாக வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். அதிகம் வைத்தால் மூர்க்கம் அதிகம். உண்மையில் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை, நிறுத்த பிறகு கொட்டிவிடலாம். பையன்கள் கெக்கலித்துக்கொண்டு அள்ளி வைத்தார்கள். அவர்களையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள் செர்வா.

அவள் வைத்தது டூஃபி என்ற பெண்ணுக்கு. போன வாரம் இருவரும் சட்டை கிழியக் கட்டிப் புரண்டிருந்தார்கள். யார் முதலில் கை ஓங்கியது என்று இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அதனால் இந்தச் சோதனையில் இருவரில் அளவு கூடுதலாக இருப்பவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். டூஃபி செர்வாவுக்கு வைத்த கிண்ணமோ துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

கொனாடு என்ன நேற்றா பிறந்தாள்? அவளும் விடுதியில் வளர்ந்தவள்தான். வீட்டிலிருந்து வரும் தொக்கைப் பெட்டியில் பூட்டிவைத்து, உயிர்த்தோழிக்கு மட்டும் நீட்டுவார்கள். ஆகாதவளுக்கு ஒரு சொட்டுக் கிடையாது. இவ்வளவும் தெரிந்தும், வேலை போய்விடுமே என்று பேராசிரியர் முன்னால் தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

செர்வாவைத் தனியே அழைத்து, ஏன் இத்தனை என்று கேட்டாள்.

"ஒரே டப்பாலதான் ரெண்டு பேரும் தின்போம், மேடம். சண்டைக்கு அப்புறம் நீட்டினேன், திரும்பிக்கூடப் பாக்கல. நீங்க குடுத்தா அவ தின்னுதானே ஆகணும்?"

கொனாடு அதை அப்படியே போய்த் தலைமையாசிரியரிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க கொண்டுவந்த தராசுதானேம்மா இது?"

அவள் தராசை எடுத்துப் பைக்குள் வைத்தாள். வெட்கமாக இருந்தது. சாயங்காலம் செர்வாவின் இரும்புப் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. அழைத்துப்போக வந்த வண்டியும் நின்றது.

கொனாடு அந்தக் கிண்ணத்தைக் கொட்டவில்லை. புளித்த மக்காச்சோள மாவில் அவித்த ஒரு உருண்டை கென்கேயோடு டூஃபியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, யார் வைத்தது, எதற்காக வைத்தாள் என்று சொன்னாள்.

டூஃபி கிண்ணத்தை முகர்ந்து பார்த்தாள். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்து, செர்வாவின் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து, கென்கேயைப் பிட்டுத் தொக்கில் தோய்த்துத் தின்ன ஆரம்பித்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகியது. ஓட்டுநர் ஹார்ன் அடித்தார். அவள் இன்னொரு துண்டைப் பிட்டாள்.